பத்திரிகை ஆசிரியர் பொது ஒலிபரப்புக்குத் தலைவரானால் என்ன ஆகும்?

நீங்கள் கேட்டிருப்பது இது. லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் ஹார்டிங் 2013-ல் பிபிசி செய்திப் பிரிவின் தலைவராகப் போனார். நாலரை வருடம்கூட முழுதாக இல்லாமல் 2018 தொடக்கத்தில் வெளியே வந்துவிட்டார். அப்படியென்றால் பத்திரிகைக்காரர்களுக்குப் பொது ஒலிபரப்பு ஒத்துவராது என்று எடுத்துக்கொள்ளலாமா? கடைசி வரியில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறீர்கள்: ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதிக்கும் ஆசிரியர்கள் தலைவர்களாக வந்தார்களே, அங்கே ஏன் எதுவும் மாறவில்லை? முதல் கேள்வியை மட்டும் படித்தால், வானொலி, டிவி தொழில் தெரியுமா தெரியாதா என்ற விஷயம் போலத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் கேட்பது வேறு. பத்திரிகையில் ஒரு ஆசிரியருக்கு இருக்கும் அதிகாரத்தில் எவ்வளவு அவரோடு கூடவே வருகிறது, எவ்வளவு பழைய நாற்காலியிலேயே தங்கிவிடுகிறது? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில் ஆரம்பித்தவன். அப்புறம் நெடுங்காலம் வானொலிச் செய்தியில் வேலை பார்த்தேன். இப்போது இதழியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். பிபிசிக்குள்ளோ ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசிக்குள்ளோ வேலை செய்ததில்லை. அந்த நிறுவனங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவிலிருந்து வருவது. அதன் மேல் நான் ஏற்றிச் சொல்லும் ஊகம் எங்கே வருகிறதோ, அங்கே ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சந்தேகமில்லாத ஒன்று. ‘கேமரா தெரியாது, ஸ்டூடியோ தெரியாது, இவர் எப்படி நடத்துவார்’ என்ற கவலை தேவையில்லாதது. அந்த வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் தலைவரைவிட நன்றாகவே செய்வார்கள். பத்து நிமிட புல்லட்டினில் ஒரு நாளிதழின் முதல் பக்கத்தில் பாதிகூட அடங்காது என்பதை டெஸ்க்கிலிருந்து வருகிறவர் இரண்டே வாரத்தில் புரிந்துகொள்வார். எங்களிடம் பத்திரிகையிலிருந்து வந்து சேர்ந்தவர்களைப் பார்த்ததில் அவர்கள் தடுமாறிய இடம் வேறு. தலையங்கம் எழுதிப் பழகிய ஒருவருக்கு, ‘இதைப் பற்றி நிலையத்தின் கருத்து என்ன’ என்று யாரும் கேட்கவே மாட்டார்கள், கேட்டாலும் சொல்லக்கூடாது என்பது மனசுக்குப் பிடிபட நாளாகும். செய்தி வாசிப்பு, நேரக் கணக்கு, ஷிஃப்ட் எல்லாம் பழகிவிடும். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பழகாது.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம் ஹார்டிங் இல்லை, அவருக்கு எழுபது வருடம் முன்னால் போன வில்லியம் ஹேலி. ஜெர்சி தீவில் 1901-ல் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்துவிட்டு, ‘தி டைம்ஸ்’ அலுவலகத்தில் தொலைபேசி வழியாக வரும் செய்திகளை எழுதிக்கொள்ளும் வேலைக்கு வந்தார். 1922-ல் ‘மான்செஸ்டர் ஈவ்னிங் நியூஸ்’ பத்திரிகையில் நிருபரானார். கூச்ச சுபாவம் அதிகம், ஆட்களைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியவில்லை என்று உதவி ஆசிரியர் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மேசையிலிருந்து மேலே வந்து 1930-ல் அதே பத்திரிகையின் நிர்வாக ஆசிரியரானார். 1939-ல் ‘மான்செஸ்டர் கார்டியன்’, ‘ஈவ்னிங் நியூஸ்’ இரண்டையும் நடத்திய நிறுவனத்தின் கூட்டு நிர்வாக இயக்குநர். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் வாரியத்திலும் இருந்தார், 1941-ல் ராய்ட்டர்ஸ் ஒரு அறக்கட்டளை ஏற்பாட்டுக்கு மாறியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. டெஸ்க்கில் இருப்பவர்கள் இந்த மனிதரின் வாழ்க்கையைப் படித்து ஆறுதல் அடையலாம்.

போர் நடுவே 1943-ல் பிபிசி அவரை அழைத்தது. அவருக்காகவே ‘தலைமை ஆசிரியர்’ என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள், அடுத்த வருடமே தலைமை இயக்குநராக்கினார்கள். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ராபர்ட் ஃபுட், எரிவாயு நிறுவனத்திலிருந்து வந்த நிர்வாகி. போர்க்காலத்தில் செய்தியே உயிர்நாடி என்று ஆனபிறகு, செய்தி தெரிந்த ஒருவர் மேலே இருக்கவேண்டும் என்று வாரியம் நினைத்ததில் ஆச்சரியமில்லை. 1945 ஜூலையில் ‘லைட் புரோகிராம்’ என்ற பொழுதுபோக்கு அலைவரிசை வந்தது. 1946 செப்டம்பரில் ‘தேர்ட் புரோகிராம்’. ஏற்கெனவே இருந்த ‘ஹோம் சர்வீஸ்’ நடுவில். பாட்டும் நகைச்சுவையும் கேட்க வரும் நேயரை மெல்ல நடுத்தளத்துக்கும், அங்கிருந்து கவிதை, நாடகம், செவ்விசைக்கும் ஏற்றிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. இதில் பத்திரிகைக்காரரின் கை தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். மாலைப் பத்திரிகையையும் கனமான காலைப் பத்திரிகையையும் ஒரே கட்டடத்திலிருந்து நடத்தியவர், வாசகர்கள் ஒரே ரகம் இல்லை என்பதை விற்பனைக் கணக்கிலேயே பார்த்திருப்பார். அதே 1946-ல், வானொலி வைத்திருப்பவர்கள் கட்டும், பிபிசியை நடத்தும் லைசென்ஸ் கட்டணம் 10 ஷில்லிங்கிலிருந்து ஒரு பவுண்டாக இரட்டிப்பானது. அந்தப் பணம் இல்லாமல் மூன்றாவது அலைவரிசை இல்லை.

ஆனால் அவருக்கு ஒரு இடத்தில் கண் தெரியவில்லை: தொலைக்காட்சி. சொல்லையும் எழுத்தையும் நம்பி வளர்ந்தவருக்குப் படம் காட்டும் ஊடகம் இரண்டாந்தரமாகவே பட்டது, அதற்குப் பணமும் அந்தஸ்தும் தாராளமாகப் போகவில்லை. 1950-ல் தொலைக்காட்சி இயக்குநர் பதவிக்கு வானொலியின் ‘தேர்ட் புரோகிராம்’ பக்கத்திலிருந்து ஜார்ஜ் பார்ன்ஸைக் கொண்டுவந்து போட்டபோது, அதுவரை தொலைக்காட்சியை நடத்திவந்த நார்மன் காலின்ஸ் ராஜினாமா செய்தார். வெளியே போனவர் சும்மா இருக்கவில்லை. வர்த்தகத் தொலைக்காட்சி வேண்டும் என்று இயக்கம் நடத்தினார், 1955-ல் அது வந்தும்விட்டது. பிபிசியின் ஏகபோகம் முடிந்ததற்கு ஹேலிதான் காரணம் என்று சொன்னால் மிகை, அரசியல் காற்றே அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. ஆனாலும் பத்திரிகையிலிருந்து வருகிறவர் ஒரு ஊடகத்தைத் தன் பழைய ஊடகத்தின் அளவுகோலால் அளந்தால் என்ன நஷ்டம் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். 1944-லிருந்து பிபிசி தனக்குத் தானே ஒரு விதி போட்டுக்கொண்டிருந்தது: நாடாளுமன்றத்தில் அடுத்த பதினான்கு நாளுக்குள் விவாதத்துக்கு வரப்போகும் எந்த விஷயத்தையும் ஒலிபரப்பில் விவாதிப்பதில்லை. 1956 சூயஸ் நெருக்கடி வரைக்கும் அது இருந்தது. ஹேலி தலைமை இயக்குநராக இருந்த காலம் முழுவதும் அந்த விதிக்குள்தான் வேலை பார்த்தார். எந்த நாளிதழ் ஆசிரியராவது இப்படி ஒரு விதியை ஒரு நாளாவது ஒத்துக்கொள்வாரா? 1952-ல் அவர் பிபிசியை விட்டு ‘தி டைம்ஸ்’ ஆசிரியராகப் போனார். 1963 ஜூன் 11-ல், ஒரு பெண்ணோடு இருந்த தொடர்பைப் பற்றி நாடாளுமன்றத்தில் பொய் சொன்ன அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ பதவி விலகி ஒரு வாரம் ஆவதற்குள், ‘இது ஒழுக்கம் சார்ந்த பிரச்சினைதான்’ என்று தலைப்புப் போட்டு அவர் எழுதிய தலையங்கம் ஆளுங்கட்சியை உலுக்கியது. இங்கிலாந்து இதழியல் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தலையங்கங்களில் அது ஒன்று. அதே மனிதர், அதே மூளை. பிபிசியில் இருந்த காலத்தில் அப்படி ஒரு வரிகூட நிறுவனத்தின் பெயரில் அவர் சொல்லியிருக்க முடியாது.

ஹார்டிங்கைப் பற்றி இந்த வெளிச்சத்தில் பார்த்தால் நிறைய விளங்கும். ஒரு திருத்தம் முதலில். அவர் பிபிசிக்கே தலைவராக இருந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை, செய்தி மற்றும் நடப்பு விவகாரப் பிரிவுக்கு. அவருக்கு மேலே தலைமை இயக்குநராக டோனி ஹால் இருந்தார். ஆனால் அந்தப் பிரிவே 8,000-க்கும் மேற்பட்ட ஆட்கள் கொண்டது. ஒரு நாளிதழின் ஆசிரியர் இலாகா சில நூறு பேர்தான். ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ இதழில் ஷாங்காய், வாஷிங்டன் என்று நிருபராக இருந்துவிட்டு, 2007 இறுதியில் 38 வயதில் ‘தி டைம்ஸ்’ ஆசிரியரானவர் அவர். 2012 டிசம்பரில், புது ஆசிரியரைப் போட உரிமையாளர் நிறுவனம் விரும்புகிறது என்று தனக்குத் தெளிவாக்கப்பட்டதாகச் சொல்லிவிட்டுப் பதவி விலகினார். முதலாளி விரும்பினால் ஆசிரியர் போகவேண்டும். பத்திரிகை ஆசிரியரின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம்.

அதே சமயம் பிபிசி குலைந்துபோயிருந்தது. மறைந்த பிபிசி தொகுப்பாளர் ஜிம்மி சேவில் மீதான பாலியல் குற்றச்சாட்டுகளை விசாரித்த நிகழ்ச்சியைக் கைவிட்டது ஒரு பக்கம், ஒரு பிரபுவின் மீது தவறான பழி விழும்படி ஒளிபரப்பியது இன்னொரு பக்கம். 2012 நவம்பரில் ஜார்ஜ் என்ட்விசில் 54 நாளில் தலைமை இயக்குநர் பதவியை விட்டுப் போனார். வெளியிலிருந்து, உள்ளே யாருக்கும் கடன்படாத ஒருவர் வேண்டும் என்ற நிலைமை. பத்திரிகை ஆசிரியரை அழைப்பது இப்படிப்பட்ட நேரங்களில்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு. நல்ல நாளில் உள்ளே வளர்ந்தவருக்குத்தான் பதவி போகும். ஹார்டிங்குக்குப் பிறகு வந்த ஃபிரான் அன்ஸ்வர்த் பிபிசியிலேயே வளர்ந்தவர்.

ஹார்டிங் கூடக் கொண்டுவந்தவை பயன்பட்டன. உள்ளூர்ச் செய்தி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் பணத்தில் இலவசமாகச் செய்தி கொடுத்து எங்கள் சின்னப் பத்திரிகைகளைக் கொல்கிறீர்கள் என்பது பிபிசி மீது பத்திரிகை முதலாளிகளின் பழைய குற்றச்சாட்டு. பணம் கட்டினால்தான் படிக்கலாம் என்று ‘தி டைம்ஸ்’ இணையதளத்துக்கு 2010-ல் கட்டணச் சுவர் எழுப்பப்பட்டபோது ஆசிரியராக இருந்தவர் ஹார்டிங். அந்த வலி எங்கே என்று அவருக்குத் தெரியும். அவர் காலத்தில் உருவான ஏற்பாட்டில், வருடத்துக்கு 80 லட்சம் பவுண்டு வரை பிபிசி பணம் ஒதுக்கி, 150 உள்ளாட்சி நிருபர்களுக்கு வழிசெய்தது. அந்த நிருபர்கள் வேலை செய்வது உள்ளூர்ப் பத்திரிகைகளில், நகரசபைக் கூட்டங்களுக்குப் போவது அவர்கள் வேலை. எல்லாம் பெரிய குழுமங்களுக்கே போய்விட்டது என்று விமர்சனமும் உண்டு. ஆனாலும் இப்படி ஒரு சமரசத்துக்கு எதிர்ப்பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த அனுபவம் உதவியிருக்கும். நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது: 2015-ல் பிரிட்டிஷ் அரசு உலக சேவைக்குக் கொடுத்த கூடுதல் நிதியில் பதினொரு புதிய மொழிச் சேவைகள் அறிவிக்கப்பட்டன. தெலுங்கு, மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி நான்கும் 2017 அக்டோபரில் தொடங்கின. தமிழ்ச் சேவை 1941-லிருந்தே இருக்கிறது.

மறுபக்கம். பதவிக்கு வந்து ஒரு வருடம் ஆவதற்குள், 2014 ஜூலையில், செய்திப் பிரிவில் 415 வேலைகளை வெட்டுவதாக அறிவித்தார். புதிதாக 195 பதவிகள் வரும் என்றும் சொல்லப்பட்டது. லைசென்ஸ் கட்டணம் உறைந்துபோனதன் விளைவு அது. முடிவெடுத்தது அரசும் முந்தைய நிர்வாகமும், அறிவிப்பது இவர். அடுத்த மாதமே பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் வீட்டில் போலீஸ் சோதனை நடந்ததை ஹெலிகாப்டரிலிருந்து படம்பிடித்து ஒளிபரப்பினார்கள். 2018-ல் உயர் நீதிமன்றம் பிபிசிக்கு எதிராகத் தீர்ப்பளித்து 2,10,000 பவுண்டு இழப்பீடு விதித்தது. ‘பத்திரிகைக்காரர் வந்தார், பரபரப்பு வந்தது’ என்று இரண்டையும் முடிச்சுப் போடுவது சுலபம். ஆனால் அன்று பொறுப்பில் இருந்து முடிவெடுத்தவர் பிபிசியிலேயே பல்லாண்டு இருந்த துணைத் தலைவர், ஹார்டிங் விடுப்பில் இருந்தார். ஆகவே அந்த முடிச்சு நிற்காது.

என்னைப் பொறுத்தவரை அவருடைய பதவிக்காலத்தின் மையம் இரண்டு வருடங்கள்: 2010, 2016. 2010 தேர்தலில் ‘தி டைம்ஸ்’ கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களிக்கச் சொன்னது. ஆசிரியர் ஹார்டிங். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்பு. அவருடைய தலைமுறையின் மிகப் பெரிய அரசியல் கேள்வி அதுதான், அதில் அவருடைய நிறுவனம் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. இரண்டு பக்கத்துக்கும் சமநேரம் கொடுத்து, பொய்யையும் மெய்யையும் ஒரே தட்டில் வைத்தார்கள் என்று பிபிசி மீது குற்றச்சாட்டு வந்தது, அவர் அதை எதிர்த்து வாதாடினார். 2017 அக்டோபரில் விலகல் அறிவிப்பில் அவரே காரணத்தைச் சொல்லிவிட்டார்: பிபிசி செய்ய முடியாத, செய்யவும் கூடாத ஒருவகை இதழியல் இருக்கிறது, தெளிவான பார்வை கொண்ட ஒரு புது நிறுவனத்தைத் தொடங்கப்போகிறேன் என்றார். ‘டார்டாய்ஸ்’ என்ற அந்த நிறுவனம் 2025-ல் ‘தி அப்சர்வர்’ ஞாயிறு இதழை வாங்கியது. ஹேலி போன வழியேதான் இவரும் போயிருக்கிறார். அவருக்குப் பிபிசி சரிப்படவில்லை என்பதைவிட, கருத்துச் சொல்லும் சுதந்திரத்தை அவர் திரும்பப் போய் எடுத்துக்கொண்டார் என்பதே பதிவுக்குப் பொருந்துகிறது. அதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஏறக்குறைய பத்து வருடம் இருந்தவரும் உண்டு, ஆஸ்திரேலியாவின் மார்க் ஸ்காட். ‘சிட்னி மார்னிங் ஹெரால்ட்’ வெளியிட்ட ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனத்தில் ஆசிரியர் பிரிவின் மேல்மட்டத்தில் இருந்தவர், 2006-ல் ஏபிசியின் நிர்வாக இயக்குநரானார். இரண்டு பதவிக்காலம் இருந்து 2016-ல் வெளியேறினார். 2008-ல் ‘ஐவியூ’ என்ற இணையவழிப் பார்வைச் சேவை, 2010-ல் 24 மணி நேரச் செய்தி அலைவரிசை, எல்லாம் அவர் காலத்தில். ஹேலி தொலைக்காட்சியில் செய்த பிழையை இவர் இணையத்தில் செய்யவில்லை. அச்சுப் பத்திரிகையின் விளம்பர வருமானம் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துவிட்டு வந்தவர், அதனால் அவசரம் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் இல்லாத ஒன்று: பத்திரிகைக்கு வருவதற்கு முன் அவர் நியூ சவுத் வேல்ஸ் மாநில அமைச்சர்களின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஒரு அமைச்சர் கோபத்தோடு போன் செய்தால் அந்தக் கோபம் எவ்வளவு நிஜம், எவ்வளவு நாடகம் என்று தெரியும் பயிற்சி அது. எந்தச் செய்தி அறையிலும் அது கிடைக்காது.

ஆனால் அவராலும் பணத்தை மீற முடியவில்லை. ஏபிசிக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது, நேரடியாக அரசு பட்ஜெட்டிலிருந்து வருகிறது. 2013 நவம்பரில் ஏபிசியும் கார்டியன் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து, ஆஸ்திரேலிய உளவுத்துறை இந்தோனேசிய அதிபரின் தொலைபேசியைக் குறிவைத்தது என்ற செய்தியை வெளியிட்டன. பிரதமர் டோனி அபாட் வெளிப்படையாகவே எரிச்சல்பட்டார். தேர்தலுக்கு முந்தைய நாள், ஏபிசிக்கு வெட்டு இருக்காது என்று டிவியில் வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். 2014 நவம்பரில் ஐந்து ஆண்டுக்கு 25.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் வெட்டு அறிவிக்கப்பட்டது, சுமார் 400 பேருக்கு வேலை போகும் என்று ஸ்காட் அறிவிக்க வேண்டியிருந்தது. இவை அடுத்தடுத்து நடந்தன என்பது உறுதி. முதலாவதற்குப் பழிவாங்கவே இரண்டாவது நடந்தது என்பது உறுதியில்லை, மற்றத் துறைகளிலும் வெட்டு விழுந்த பட்ஜெட் அது.

அமெரிக்காவின் கெவின் க்ளோஸ் பற்றி ஒரு வரி. ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் நிருபராகவும் ஆசிரியராகவும் 25 வருடம் இருந்தவர், 1998 இறுதியில் அந்நாட்டின் பொது வானொலியான என்பிஆரின் தலைவரானார். 2003-ல் மெக்டொனால்ட்ஸ் குடும்பத்தின் ஜோன் க்ரோக் உயிலில் 20 கோடி டாலருக்கு மேல் அந்த வானொலிக்கு எழுதிவைத்தார். தலைவரின் வேலையில் பாதி நன்கொடை தேடுவது என்று ஆன நாட்டில், செய்தி மதிப்பீடு தெரிந்தவர் பணமுள்ளவர்களின் நம்பிக்கையைப் பெறுவதும் தகுதியில் சேரும்.

சரி, பிரசார் பாரதி. இந்தியாவில் இதற்கான கனவையே ஒரு ஆசிரியர்தான் எழுதினார் என்பது பலருக்கு நினைவில்லை. ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ ஆசிரியர் பதவியிலிருந்து 1975-ல் நீக்கப்பட்ட பி.ஜி. வர்கீஸ், நெருக்கடி நிலை முடிந்தபின் 1977-ல் ஜனதா அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர். 1978 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கையில், ‘ஆகாஷ் பாரதி’ என்ற பெயரில் தேசிய ஒலிபரப்பு அறக்கட்டளை ஒன்றும் அதன் சுதந்திரத்துக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பும் கேட்டார். 1979-ல் வந்த மசோதா அதைவிட நீர்த்துப்போனது, அதுவும் காலாவதியானது. கடைசியில் 1990-ல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறி, 1997-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

முதல் தலைவர் ‘மெயின்ஸ்ட்ரீம்’ வார இதழின் ஆசிரியர் நிகில் சக்கரவர்த்தி. 1997 நவம்பரில் வந்தார், 1998 ஜூனில் காலமானார். பிறகு ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’ முன்னாள் ஆசிரியர் எம்.வி. காமத் வந்தார். 2010 ஜனவரியில் ‘ஹிந்துஸ்தான்’ இந்தி நாளிதழின் தலைமை ஆசிரியராக இருந்த மிருணாள் பாண்டே. 2014 அக்டோபரிலிருந்து 2020 பிப்ரவரி வரை பத்திரிகையாளர் ஏ. சூர்ய பிரகாஷ். யாரும் தொழில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் சட்டத்தைத் திறந்து பாருங்கள். தலைவர் பதவி பகுதிநேரம். முழுநேர நிர்வாகம் தலைமை நிர்வாக அதிகாரியின் கையில், அந்த நாற்காலிக்குப் பெரும்பாலும் ஐஏஎஸ் அதிகாரிகளே வந்தார்கள். பிரிவு 23-ன்படி மத்திய அரசு உத்தரவுகள் பிறப்பிக்கலாம். ஊழியர் சம்பளத்துக்குப் பணம் அமைச்சகத்திலிருந்து வருகிறது. 2007 அக்டோபர் 5 அன்று பணியில் இருந்தவர்கள் அயல்பணியில் இருக்கும் அரசு ஊழியர்களாகவே கருதப்படுவார்கள் என்று பின்னால் ஒரு திருத்தமும் வந்தது. கல்யாண வீட்டு வாசலில் தாம்பூலத் தட்டோடு நிற்கவைக்கப்பட்ட பெரியவர் மாதிரி இந்தத் தலைவர் பதவி. எல்லாரும் கும்பிடுவார்கள், சமையல்காரரிடம் உப்பு போடச் சொல்ல முடியாது.

மிருணாள் பாண்டே காலத்தைப் பாருங்கள். வந்த வருடமே, 2010 டிசம்பரில், காமன்வெல்த் விளையாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் தொடர்பாகத் தலைமை நிர்வாகி பி.எஸ். லாலி இடைநீக்கம் செய்யப்பட்டார். அதற்கு உத்தரவிட்டவர் குடியரசுத் தலைவர், வாரியத் தலைவர் இல்லை. 2014 ஏப்ரலில், தேர்தல் நடுவே, நரேந்திர மோதி தூர்தர்ஷனுக்குக் கொடுத்த பேட்டியில் சில பகுதிகள் வெட்டப்பட்டன என்று சர்ச்சை எழுந்தது. அப்போதைய தலைமை நிர்வாகி ஜவஹர் சர்க்கார், செயல் சுதந்திரம் தரும்படி அமைச்சகத்தை இணங்கவைக்க முடியவில்லை என்ற பொருளில் வாரியத்துக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. நிர்வாக அதிகாரம் முழுக்கக் கையில் வைத்திருந்தவர் நிலைமையே அதுவென்றால், பகுதிநேரத் தலைவர் என்ன செய்திருக்க முடியும்? இந்தியாவில் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இன்றுவரை அனுமதி இல்லாத நிலையில், வானொலிச் செய்தி என்றால் ஆகாசவாணி மட்டும்தான். சூர்ய பிரகாஷ் போனபிறகு 2024 மார்ச் வரை, நாலு வருடம், தலைவர் நாற்காலி காலியாகவே கிடந்தது. புல்லட்டின் ஒருநாளும் நிற்கவில்லை. அந்தப் பதவி எதற்காக இருக்கிறது என்று இதிலிருந்தே நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் இரண்டு கேள்விக்கும் தனித்தனி பதில். பத்திரிகை ஆசிரியரின் செய்தி மதிப்பீடு, நெருக்கடியில் நிதானம், ‘முடியாது’ என்று சொல்லும் பழக்கம் எல்லாம் புதிய இடத்துக்குக் கூட வரும். கருத்துச் சொல்லும் உரிமை வராது, அதை இழப்பது எவ்வளவு உறுத்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஸ்காட்டுக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை, அவர் அடுத்துப் போனது கல்வித்துறைக்கும் சிட்னி பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவிக்கும். ஹேலியும் ஹார்டிங்கும் திரும்பப் பத்திரிகைக்கே போனார்கள். மூன்று பேரை வைத்து விதி எழுத முடியாது, நான் எழுதவும் இல்லை. ஆனால் அவர்கள் என்ன செய்ய முடிந்தது என்பது நியமன ஆணையிலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது. ஏபிசியில் நிர்வாக இயக்குநரே தலைமை ஆசிரியரும். பிபிசியில் ஹார்டிங்குக்குச் செய்தி அறையின் மேல் நேரடி அதிகாரம் இருந்தது. அடுத்த தடவை ஒரு ஆசிரியர் பிரசார் பாரதிக்கு வருகிறார் என்று செய்தி படித்தால், வாரியத் தலைவராக வருகிறாரா, தலைமை நிர்வாகியாக வருகிறாரா என்று முதலில் பாருங்கள். 1997-லிருந்து இதுவரை நிர்வாகியின் நாற்காலியில் ஒரு நாளிதழ் ஆசிரியரும் உட்கார்ந்ததில்லை. அதனால் இந்தியாவில் இந்த முயற்சி தோற்றது என்று நான் சொல்லமாட்டேன், அது இன்னும் செய்துபார்க்கப்படவே இல்லை.